ஓரியன் நெபுலா எரிகிறதா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியின் மூன்று அங்குலத் தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தைக் காட்டினேன். புகைத் திட்டு, அதில் கருப்பாக ஒரு வெட்டு, பக்கத்தில் நாலு புள்ளிகள். "டீச்சர், மேகம் எரியுதா?" என்கிறார்கள் பிள்ளைகள். என்ன சொல்வது? மறுபடி எப்போது காட்டலாம்?

பதில்: எரியவில்லை, ஒளிர்கிறது. அந்த நாலு புள்ளிகள் டிரப்பீசியம் என்ற இளம் நட்சத்திரக் கூட்டம். நாலில் பிரகாசமானதுதான் முக்கியக் காரணகர்த்தா. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி என்றால் இது 40,000-ஐ நெருங்கும். இது கொட்டும் புற ஊதாக் கதிர், சுற்றியுள்ள ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எறிகிறது. பிரிந்தவை மீண்டும் சேரும்போது வருவதுதான் அந்த ஒளி.

இதே கதிர் மேகத்தில் ஒரு குழியையும் குடைகிறது. பின்னால் இருக்கும், இந்த நட்சத்திரங்கள் பிறந்த மூல மேகம் மைனஸ் 250 டிகிரிக் குளிரில் கிடக்கிறது. கதிர் பட்ட வாயுவோ 10,000 டிகிரி. அவ்வளவு சூடான வாயு சும்மா இருக்குமா? குளிர்ந்த வாயுவை எல்லாப் பக்கமும் நெட்டித் தள்ளும். போதாததற்கு, நட்சத்திரத்திலிருந்து நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் பாயும் துகள் ஓட்டமான நட்சத்திரக் காற்று வேறு. அந்தக் காற்று ஊதிய வாயுக் கூடு நொடிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது என்று விமானத்தில் பறந்த சோஃபியா தொலைநோக்கி மூலம் 2019-இல் தெரியவந்தது.

இந்த நட்சத்திரங்கள் மேகத்தின் நம் பக்க ஓரத்தில் பிறந்தவை. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் கரை பலவீனமான இடத்தில்தானே உடைப்பெடுக்கும்? அப்படி இங்கே மெல்லிய பக்கம் உடைந்து நம்மை நோக்கித் திறந்துகொண்டது. நமது அதிர்ஷ்டம், 1,350 ஒளியாண்டுக்கு இப்பாலிருந்து குழிக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறோம். கருப்பு வெட்டு ஓட்டையல்ல. இன்னும் கரையாத தூசியும் வாயுவும் முன்னால் நின்று மறைக்கின்றன.

அப்படியானால் நட்சத்திரம் மேகத்தை அழிக்கிறதா? பெரும்பாலும் ஆமாம். நெருக்கப்பட்ட சில இடங்களில் புது நட்சத்திரம் பிறக்கலாம். ஆனால் இத்தகைய மேகங்களில் சிறு பங்குதான் நட்சத்திரமாகும், மிச்சம் கலைந்துவிடும். பக்கத்தில் கோள்கள் உருவாகக்கூடிய தூசித் தட்டுகளையும் இதே கதிர் ஆவியாக்குவதை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில் பார்க்கலாம். வகுப்பில் அதைக் காட்டுங்கள், பிள்ளைகள் அசந்துபோவார்கள்.

சரி, எப்போது? வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, அமாவாசையை ஒட்டி. பொங்கல் சமயத்தில் இரவு பத்து மணிக்கு உச்சிக்கு வரும். மாசி பிறக்கும்போது எட்டு மணிக்கே வந்துவிடும், பிள்ளைகளுக்கு அதுதான் தோது. தெற்கே பார்த்து நின்றால் ஏறத்தாழ தலைக்கு மேலே, வரிசையான மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே இருக்கும். தென்னந்தோப்பு மறைக்காது. படங்களில் உள்ள சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் நிறம்தான், முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், டெல்டாப் பனி லென்ஸை மூடிவிடும். முன்புறம் ஒரு சாண் நீளத்துக்கு அட்டைக் குழாய் செருகிக்கொள்ளுங்கள்.