பெரியாஸ்பத்திரிக்குப் போகாத இரவு

அன்புள்ள ஐயா,

நான் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். திருநெல்வேலியில் விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. வருகிற மே மாதத்திலிருந்து இரண்டு மாதம் இன்டர்ன்ஷிப் முடித்துக் கல்லூரியில் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். நாளிதழ், வார இதழ், சேனல் என்று 14 இடங்களுக்கு மெயில் அனுப்பினேன். ஒரே ஒரு பதில்தான் வந்தது, ‘பிறகு தொடர்புகொள்கிறோம்’ என்று. நான் அனுப்பிய மெயில் ஒன்றையும் இணைத்திருக்கிறேன். தமிழில் யார் வாய்ப்புத் தருகிறார்கள்? அச்சுக்குப் போவதா, டிவிக்குப் போவதா? எனக்கு ஆங்கிலம் சரியாக வராது, அது தடையா? 6,000 ரூபாய் கட்டினால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் இன்டர்ன்ஷிப் தருகிறோம் என்கிறது ஒரு நிறுவனம். சேரலாமா? எனக்குச் சம்பளம் எதுவும் வேண்டாம், எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன். வழிகாட்டுங்கள்.

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை ஒரு தடவை படித்தேன், அதோடு இணைத்திருந்த மெயிலை மூன்று தடவை படித்தேன். ஒரு வார இதழின் ஆசிரியருக்கு அனுப்பியது அது. ‘தங்கள் தொலைக்காட்சியில் பணியாற்றுவது என் நீண்ட நாள் கனவு’ என்று இருக்கிறது. அந்த இதழுக்குத் தொலைக்காட்சியே கிடையாது. நீங்கள் ‘மதிப்பிற்குரிய’ போட்டு எழுதியிருக்கும் பெயர் இப்போதைய ஆசிரியர் பெயரும் இல்லை, அவர் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. சட்டப்படி ஒவ்வொரு பிரதியிலும் ஆசிரியர் பெயரைப் போட்டே ஆக வேண்டும், எங்கேயாவது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு இதழ் வாங்கிப் புரட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நீங்கள் வாங்கவில்லை. வேலை பார்க்க ஆசைப்படுகிற இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்காமல், பதினான்கு பேருக்கும் ஒரே மெயிலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். பதில் வரவில்லை என்று வருத்தப்படாதீர்கள். நானாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. போன வாரம் என் நண்பர் ஒருவர் காலமானார். ஒரு செய்தித் தளத்தில் அவர் படத்துக்குப் பதிலாக உயிரோடு இருக்கிற அவருடைய தம்பியின் படத்தைப் போட்டுவிட்டார்கள். தம்பிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் உண்டு. அண்ணனின் காரியம் நடக்கிற வீட்டில், தன் படத்துக்குக் கீழே ‘காலமானார்’ என்று போட்டிருப்பதை யாரோ காட்ட, பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர். அன்றிலிருந்து இதேதான் மனதில் ஓடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் மெயில் வந்தது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

அச்சா டிவியா என்பது இந்த வயதில் ஒரு கேள்வியே இல்லை, விடுங்கள். வாய்ப்பு என்றால், விகடன் குழுமம் பல ஆண்டுகளாக மாணவர் பத்திரிகையாளர் திட்டம் நடத்திவந்திருக்கிறது. கல்லூரியை விடாமல், சொந்த மாவட்டத்திலிருந்தே எழுதலாம். இன்று தமிழ் ஊடகங்களில் பொறுப்பில் இருக்கிற பலர் அந்த வழியாக வந்தவர்கள்தான். மூத்த பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய பாரி, கிராமங்களைப் பற்றி மட்டும் எழுதுகிற இணையதளம், தமிழிலும் உண்டு. மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதி அனுப்புவதை வாங்கிச் சொல்லிக்கொடுத்துப் போட்டுவந்திருக்கிறார்கள். சென்னை தரமணியில் ஏசிஜே என்கிற இதழியல் கல்லூரி இருக்கிறது, படிப்பு நல்ல படிப்பு, கட்டணம் நம் வீடுகளுக்கு எட்டாதது, உதவித்தொகை கிடைத்தால் பாருங்கள். நாளிதழ்களைப் பொறுத்தவரை சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு மெயில் போடுவதை விட உங்கள் மாவட்டப் பதிப்பு அலுவலகத்துக்கு நேரில் போய் நிற்பது மேல்.

ஆங்கிலம் தடையா என்றால், 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழ் வாத்தியாராக இருந்த பாரதி அந்த வேலையை விட்டுவிட்டு சுதேசமித்திரன் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22 கூட ஆகவில்லை. அதை நடத்திய ஜி. சுப்பிரமணிய ஐயரின் கீழ் அவர் பார்த்த முக்கியமான வேலை ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது. நீங்களும் ஆங்கிலப் பேப்பரில் தினம் ஒரு செய்தியை எடுத்து, உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி தமிழில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் ஆங்கிலமும் வரும், தமிழும் வரும்.

அந்த 6,000 ரூபாய். கட்டாதீர்கள். வேலை கற்றுத்தருகிறேன் என்று சொல்லி உங்களிடமே பணம் வாங்குகிறவன் சான்றிதழ் விற்கிறான். அந்தப் பணத்தில் தினம் ஒரு பேப்பர் வாங்கலாம், மாவட்டம் முழுக்கப் பஸ்ஸில் சுற்றலாம். தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் தர அவர்களுக்கு 30 நாள் கெடு. ஐந்து மனு போட்டுப் பாருங்கள், அந்த ஆன்லைன் வகுப்பு கற்றுத்தராததை அது கற்றுத்தரும்.

‘சம்பளம் வேண்டாம், எந்த வேலையும் செய்வேன்’ என்று இனி யாருக்கும் எழுதாதீர்கள். படிக்கும்போதே எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955-ல் தனிச் சட்டம் வந்தது. மஜீதியா ஊதியக் குழு சொன்னதை முதலாளிகள் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2014-ல் தோற்றார்கள். அப்படி வழக்காடி நிலைநிறுத்திய சம்பளத்தை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வருகிறேன் என்கிறீர்கள். சென்னையில் இரண்டு மாதம் மேன்ஷன் வாடகையும் மெஸ் சாப்பாடும் அப்பா அனுப்பினால்தான் முடியும் என்றால், அனுப்ப முடிந்த அப்பாக்களின் பிள்ளைகள் மட்டும்தான் நிருபர் ஆவார்கள். உங்கள் ஊர்ச் செய்தியை அப்புறம் யார் எழுதுவது? பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சரி, இதெல்லாம் வேறு யாரும் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல நினைத்தது வேறு.

1995-ல் மதுரையில் ஒரு நாளிதழில் பயிற்சி நிருபராகச் சேர்ந்தேன். மாதம் 750 ரூபாய். எங்கள் டெஸ்க்கில், நிருபர்கள் எழுதுவதைத் திருத்துகிற ஒரு மூத்த சப்-எடிட்டர் இருந்தார், எல்லோருக்கும் அவர் ‘அண்ணே’. எழுதிய செய்தியை, அதைக் ‘காப்பி’ என்போம், கொண்டுபோய் நீட்டினால் தலையை நிமிர்த்தாமல் ‘யாரு சொன்னா?’ என்பார். சொன்னதும், ‘நீ பாத்தியா?’ என்பார். இந்த இரண்டு கேள்விதான். பார்க்கவில்லை என்றால் காப்பியை அப்படியே திருப்பி என் பக்கம் தள்ளிவிடுவார். மறுபடி சைக்கிளை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம், ஒரு நாள் அண்ணனுக்கு வார விடுப்பு. அன்று ராத்திரி உசிலம்பட்டி பக்கத்தில் வேன் கவிழ்ந்து இரண்டு பேர் இறந்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். பத்தரை மணிக்குள் எல்லோரையும் மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து பெரியாஸ்பத்திரி சைக்கிளில் பத்து நிமிஷம். வெளியூர்ப் பதிப்பு பதினொன்றுக்கு முடிந்துவிடும். நான் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். ரைட்டர் துண்டுச் சீட்டைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார், லைன் கரகரத்தது, எழுதிக்கொண்டேன். பக்கம் முடிவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் காப்பியைக் கொடுத்தேன். நல்ல வேகம் என்று பாராட்டினார்கள். யார் சொன்னது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

வேனில் பெரியப்பா மகன், சித்தப்பா மகன் என்று இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் குலசாமி பெயர், முன்பாதி ஒன்று, பின்பாதிதான் வேறு. இரண்டு அப்பாக்களின் பெயருக்கும் முதல் எழுத்து ஒன்றே. ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் கையில் கட்டோடு விடியற்காலையிலேயே வீடு திரும்பிவிட்டார். திரும்பியவரின் பெயரை நான் இறந்தவர்கள் பட்டியலில் எழுதியிருந்தேன். பெயர்களை இங்கே எழுதாததற்குக் காரணம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அதே தெருவில் இருக்கின்றன.

மூன்றாம் நாள் அண்ணன் என்னைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனார். வழி நெடுகத் திட்டவில்லை, பேசவே இல்லை. முதல் வீட்டில் அந்த மனிதர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தேனிப் பக்கமிருந்து அவருடைய அக்கா வீட்டார் பேப்பரைப் பார்த்துவிட்டு, மாலையும் கோடித்துணியுமாக, தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்திருக்கிறார்கள். அவர்தான் எழுந்துபோய் வாசலில் நின்று அவர்களை உள்ளே கூப்பிட்டிருக்கிறார். கொண்டுவந்த கோடித்துணியை என்ன செய்வதென்று தெரியாமல் மஞ்சள் பையிலேயே திண்ணையில் வைத்திருந்தார்கள். நான் போனபோதும் அது அங்கேயே இருந்தது.

நாலு வீடு தள்ளி இறந்தவரின் வீடு. அவருக்கு அம்மா மட்டும்தான். எழுதப் படிக்கத் தெரியாது. பேப்பரை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார். நாங்கள் பத்திரிகைக்காரர்கள் என்றதும் அதை விரித்து என் முன்னால் வைத்து, “எம்மவன் பேரு எங்கிட்டு இருக்கு, காட்டுய்யா” என்றார். ஊரில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. மகன் பெயர் சரியாகவே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். காயமடைந்தவர்கள் பட்டியலில் ஏழாவதாக இருந்தது. அந்த வரியில் விரலை வைக்க என்னால் முடியவில்லை. அண்ணனைப் பார்த்தேன், அவர் எனக்காகப் பேச மாட்டார் என்று முகத்திலேயே தெரிந்தது. நானே சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. “அப்ப இன்னொருக்கா சரியாப் போடுவீகளா?” என்று கேட்டார்.

ஆறாம் பக்கத்தில் நாலு வரித் திருத்தம் வந்தது. அண்ணன் அதற்கு முன்னால் என்னை அந்த அம்மாவிடமே உட்கார வைத்து, பெயர், அப்பா பெயர், வயது, தெரு என்று நான்கையும் கேட்டு எழுதச் சொல்லி, எழுதியதை உரக்க வாசித்துக் காட்டச் சொன்னார். அச்சானதை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கி, தகரப் பெட்டியில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்தார்.

க., இன்டர்ன்ஷிப் என்றால் எனக்கு அந்த அண்ணன்தான். நீங்கள் போகிற இடம் பெரிய பெயரா, ஏ.சி. உண்டா, சான்றிதழில் முத்திரை உண்டா என்றெல்லாம் பார்க்காதீர்கள். உங்கள் காப்பியை வாங்கி ‘யார் சொன்னது, நீ பார்த்தாயா’ என்று கேட்கிற ஒரு ஆள் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் லீவு போட்ட நாளில் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்றும் பாருங்கள். என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள் பலர் சொல்வது, சேர்ந்த முதல் நாளே ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, வாட்ஸ்அப்பில் வருகிற அறிக்கையையும் யாரோ போட்ட ட்வீட்டையும் மாற்றி மாற்றி எழுதச் சொல்கிறார்கள், ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து என்று. இரண்டு மாதத்தில் ஒரு ஆளைக்கூட நேரில் பார்க்காமல் சான்றிதழோடு திரும்பியிருக்கிறார்கள். இதை நடத்துகிற ஆசிரியர்களில் சிலர் என் நண்பர்கள், இதைப் படிப்பார்கள். நம்மையெல்லாம் யாரோ ஒரு அண்ணன் திருப்பி அனுப்பினார், திருப்பி அனுப்பினார், அதனால்தான் வேலை கற்றோம். நம்மிடம் வருகிற பிள்ளைகளின் காப்பியை நாம் படிக்கக்கூட மாட்டேன் என்கிறோம். இது அநியாயம்.

இந்தத் தலைமுறைக்கு வசதி இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஒரு எஃப்.ஐ.ஆரைப் பார்க்க நாங்கள் ஸ்டேஷனில் மணிக்கணக்கில் கைகட்டி நின்றிருக்கிறோம். 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, சில வகை வழக்குகள் தவிர மற்றதெல்லாம் காவல்துறை தளத்திலேயே கிடைக்கிறது, அப்பா பெயரோடு, வயதோடு. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்க வேண்டும். உங்கள் ஊரில் கடைசியாக நடந்ததற்குப் போனீர்களா? எத்தனை பேர் வந்தார்கள், என்ன தீர்மானம் போட்டார்கள் என்று தெரியுமா? அதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டாம்.

மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலையில் தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸுக்குப் போங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். வெளியே மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள், முதலில் அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். அப்புறம் வரிசையில் நிற்பவர்களில் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது தடவையாக வருகிறார், பஸ்ஸுக்கு எவ்வளவு செலவு, முந்தைய மனுவின் ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். மறுநாள் அவருடைய ஊருக்கே போய், அவர் சொன்ன பட்டாவோ தண்ணீர்க் குழாயோ எதுவோ அதைக் கண்ணால் பாருங்கள். 400 சொல்லில் எழுதி எனக்குத் தபாலில் அனுப்புங்கள், பஸ் டிக்கெட்டுகளையும் சேர்த்து வைத்து. பெயரை அவரிடமே வாசித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள். சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன். இரண்டு மூன்று தடவை திரும்பி வரும், மனம் விட்டுவிடாதீர்கள். நன்றாக வந்துவிட்டால் அதை எடுத்துக்கொண்டு எந்த ஆசிரியரிடம் போவது என்று நானே சொல்கிறேன். கூடவே ஒரு வரி எழுதியும் தருகிறேன். போவதற்கு முன்னால் அந்த ஆசிரியரின் பெயரை மட்டும் அவருடைய இதழை வாங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.