அணி உத்தரவு என்றால் ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

"ஒரே அணிக்குள் யார் முந்தினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். போர்முலா 1 கார்ப் பந்தயத்தில் அணிக்கு இரண்டு கார்கள். ஒருவரை மற்றவருக்கு வழிவிடச் சொல்லும் அணி உத்தரவு சம்பியன் பட்டக் கணக்குக்கு உதவும். கடைசிப் பந்தயங்களில் அதை நானும் ஏற்பேன்.

2002 ஒஸ்திரியாவில் நடந்தது வேறு. முன்னணியில் வந்த பரிச்செல்லோ, தன் அணியான பெராரியின் உத்தரவுப்படி முடிவுக்கோட்டருகே வேகத்தைக் குறைத்து, அதே அணியின் ஷூமாக்கருக்கு வழிவிட்டார். அரங்கமே கூச்சலிட்டது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், பரிசளிப்புக்கு முன்பே சித்தப்பா ஒரு சொல்லும் பேசாமல் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். மேடையில் ஷூமாக்கர், வெற்றியாளருக்குரிய உச்சிப்படியில் பரிச்செல்லோவை ஏற்றினார். பிறகு விதிக்கப்பட்ட 10 இலட்சம் டொலர் அபராதம் அந்த மேடை விதிமீறலுக்குத்தான், உத்தரவுக்கு அல்ல! அணி உத்தரவுகளுக்குப் பின்னர் வந்த தடையும் 2011 இல் நீங்கியது. ஆனால் அந்த ஒஸ்திரியப் பந்தயம் 2002 பருவத்தின் ஆறாவது பந்தயம்தான். புள்ளிகளில் வெகுதூரம் முன்னால் நின்ற ஷூமாக்கருக்கு அந்த வெற்றி தேவைப்படவே இல்லை.