ஜெபத்துல தூங்கி விழுந்த புனிதை: டீச்சர் பதில்கள்

*டீச்சர், காலையில இருந்து அடுப்படி, மத்தியானம் தையல் மெஷின். ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஜெபமாலைய எடுத்தா ரெண்டாவது தேவரகசியம் (ஜெபமாலையோட அஞ்சு பகுதில ஒண்ணு) தாண்டுறதுக்குள்ள தலை தொங்கிருது. முழிச்சுப் பாத்தா எந்த மணில விட்டேன்னே தெரியல. "இப்படி அரைகுறையா சொல்றதுக்கு சொல்லாமலே இருக்கலாம்"னு நாத்தனார் சொல்றாங்க. இது பாவமா?*
*வாசகி, தூத்துக்குடி*

பாவம் இல்லம்மா. மொதல்ல நல்லா தூங்குங்க.

உங்க ஊர்ப்பக்கம் சிறுமலர்னு பேர் வெச்ச ஸ்கூல், கான்வென்ட் ஏதாவது பாத்திருப்பீங்க. அந்த சிறுமலர் யாருன்னு கேட்டா கையில ரோஜாவும் சிலுவையுமா ஒரு சிஸ்டர் படம்னு மட்டும்தான் நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியும். அவங்கதான் பிரான்ஸ்ல லிசியே ஊரு குழந்தை தெரேசா. 1873ல பிறந்து, 15 வயசுல கார்மேல் மடத்துல சேந்து, காசநோய்ல 24 வயசுல 1897ல இறந்துட்டாங்க. அந்தப் பொண்ணு தன் கதைய நோட்டுல எழுதி வெச்சிருக்கு பாருங்க, அதுல ஒத்துக்குது, ஏழு வருஷமா நான் தியான நேரத்துலயும் பூசைல நற்கருணை அப்பம் வாங்கினப்புறமும் தூங்கித்தான் வழியுறேன்னு! ஆனா அதுக்காக வருத்தப்படலயாம். பிள்ளைங்க தூங்கினாலும் முழிச்சிருந்தாலும் பெத்தவங்களுக்குப் பிடிக்கும்தான, ஆபரேஷன் பண்ற டாக்டரே மயக்கம் குடுத்துத்தான பண்றாரு, அப்படின்னு எழுதிருக்காங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, ஏன்னா நானும் சாயங்கால ஆராதனைல தூங்குற கேஸ்தான்.

இன்னொண்ணும் சொல்றேன், நாத்தனார்ட்டயும் சொல்லுங்க. தனியா உக்காந்து ஜெபமாலை சொல்றது ஒறுத்தலுக்காக உடம்ப வருத்திக்கிறத விட எனக்குக் கஷ்டமா இருக்கு, சொல்லவே வெக்கமா இருக்குன்னும் தெரேசாவே எழுதிருக்காங்க. மனசு வறண்டு போச்சுன்னா ஒரே ஒரு "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே", அப்புறம் ஒரு "அருள் நிறைந்த மரியே", ரெண்டையும் ரொம்ப மெதுவா சொல்லுவாங்களாம், அதுவே போதும்னு இருந்திருக்காங்க. இப்படிப்பட்டவங்களத்தான் 1925ல புனிதையாவும், 1997ல இரண்டாம் ஜான்பால் பாப்பரசர் திருச்சபையின் மறைவல்லுநராவும் (திருச்சபைக்கே ஆசிரியர் மாதிரி) அறிவிச்சாங்க. கத்தோலிக்க மறைக்கல்வி நூல்ல ஜெபத்தப் பத்தின பகுதி ஆரம்பிக்கிறதே இவங்க வார்த்தையோடதான், ஜெபம்னா உள்ளம் பொங்கி எழுறது, வானத்த நோக்கின ஒரு சாதாரணப் பார்வைன்னு. நீங்க அஞ்சு தேவரகசியத்தையும் ராத்திரிக்குன்னு சேத்து வெக்காம, மெஷின்ல உக்காரும்போதே ஒண்ணு ஒண்ணா முடிச்சுப் பாருங்களேன். விட்டுப்போனா மாதா கணக்கு நோட்டோட உக்காந்திருக்க மாட்டாங்க.

*எங்க பையனுக்கு எட்டு வயசு. குடும்ப ஜெபத்துல "அருள் நிறைந்த மரியே"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த மணிக்குத் தாவிர்றான், கிரிக்கெட் பேட் வாசல்லயே நிக்குது. அடிச்சுத்தான் உக்கார வைக்கிறோம்.*
*வாசகர், கும்பகோணம்*

அடிக்காதீங்க சார், உங்க பையன் பெரிய பெரிய ஆளுங்க போன ரூட்லதான் போறான். போர்ச்சுகல்ல பாத்திமா ஊர்ல லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தான்னு மூணு பிள்ளைங்க ஆடு மேய்ப்பாங்க. மத்தியான சாப்பாட்டுக்கு அப்புறம் ஜெபமாலை சொல்லணும்னு வீட்ல கண்டிஷன். விளையாட நேரம் பத்தாதேன்னு இவங்க "அருள் நிறைந்த மரியே, அருள் நிறைந்த மரியே"ன்னு மொத வார்த்தைய மட்டும் சொல்லி மணிய உருட்டிட்டு, ஜெபமாலைய முடிச்சுட்டு ஓடிருவாங்க! இத பின்னாடி லூசியாவே எழுதி வெச்சிருக்காங்க. 1917 மே 13ல மாதா காட்சி குடுத்தப்போ லூசியாவுக்கு பத்து வயசு, பிரான்சிஸ்கோவுக்கு உங்க பையன் வயசுதான். அவனும் மோட்சம் போவானான்னு லூசியா கேட்டதுக்கு, போவான், ஆனா நிறைய ஜெபமாலை சொல்லணும்னு மாதா சொன்னாங்களாம். அதுக்கப்புறம் விளையாட்ட விட்டுட்டு தனியா போய் ஜெபமாலை சொல்ற அளவுக்கு அந்தப் பையன் மாறிட்டான். அவனும் தங்கச்சி ஜசிந்தாவும் 2017ல புனிதர்களானாங்க. உங்க பையன ஒரே ஒரு தேவரகசியத்துக்கு மட்டும் உக்கார வெச்சு, அத அவனையே நடத்தச் சொல்லுங்க. மிச்சத்துக்கு பேட்ட குடுத்து அனுப்பிருங்க.

*"குழந்தைகளைப் போல் ஆகாவிட்டால் விண்ணரசில் புகமாட்டீர்கள்"னு பைபிள்ல இயேசு சொல்றாரே, அப்போ கேள்வியே கேக்காம நம்பணுமா?*
*கல்லூரி மாணவர், திருச்சி*

குழந்தை கேள்வி கேக்காதுன்னு யாருப்பா சொன்னது? எங்க தெருவுல ஒரு நாலு வயசு இருக்கு, ஒருநாள் வந்து பாரு. பைபிள்ல திருத்தூதர் பவுலும் கொரிந்து ஊர் சபைக்கு எழுதும்போது, சிந்திக்கிறதுல குழந்தையா இருக்காதீங்க, தீமைல மட்டும் குழந்தையா இருங்கன்னுதான் சொல்றாரு.

*டீச்சர், எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருந்தப்போ ஆறு வயசு பேத்தி தினமும் அந்தோணியார் சுரூபத்து முன்னாடி முட்டி போட்டு, அவ பென்சில் பாக்ஸ அங்க காணிக்கையா வெச்சு, "தாத்தாவ வீட்டுக்கு அனுப்பிருங்க"ன்னு கேப்பா. அவர் போய்ச் சேந்துட்டாரு. இப்போ அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்துடின்னா "அவருக்கு காது கேக்காது"ங்கிறா. பென்சில் பாக்ஸ் இன்னும் அங்கேயே இருக்கு. நான் என்ன பதில் சொல்ல?*
*வாசகி, வேலூர்*

படிச்சுட்டு ரொம்ப நேரம் எழுத முடியலம்மா.

மொதல்ல என்ன சொல்லக்கூடாதுன்னு சொல்றேன். "தாத்தாவ சாமிக்கு ரொம்பப் பிடிச்சுச்சு, அதான் கூப்பிட்டுக்கிட்டாரு"ன்னு சொல்லிராதீங்க. மறைக்கல்வி வகுப்புல நான் ஒரு பையன்கிட்ட அப்படி சொல்லி, "அப்ப எங்கம்மாவயும் பிடிக்குமா"ன்னு அவன் கேட்ட கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லாம இருக்கேன்.

குழந்தை தெரேசாவுக்கும் நாலரை வயசுல அம்மா செத்துட்டாங்க. வீட்ல எல்லாரும் அவங்கவங்க துக்கத்துல இருந்ததால பிள்ளைகிட்ட பேச யாருக்கும் நேரமில்ல, தாழ்வாரத்துல இருந்த சவப்பெட்டி மூடிய தனியா நின்னு பாத்துட்டே இருந்திருக்கு. அதுக்கப்புறம் பல வருஷம் எதுக்கெடுத்தாலும் அழுற பொண்ணா ஆயிருச்சு. அதனால உங்க பேத்தி கோவமா பேசினாலும் பேசட்டும், வாயப் பொத்தாதீங்க. "இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர்"னு பைபிள்ல 13ஆம் திருப்பாடல்ல கேக்குறதும் இதே கேள்விதான், அத நாம கோயில்ல பாட்டாவே பாடுறோம்.

சாகுறதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் தெரேசாவுக்கே மோட்சம்னு ஒண்ணு இருக்கான்னு இருட்டாகிப் போச்சு. அப்பவும் கவிதை எழுதினாங்க, நான் எத நம்ப விரும்புறேனோ அதத்தான் பாடுறேன்னாங்க. குழந்தை விசுவாசம்னா பளிச்சுன்னு சிரிச்சுட்டே இருக்கிறதுன்னு நினைக்கிறோம், அப்படி இல்ல போல. இருட்டுல கை தெரியலன்னாலும் அம்மான்னு கத்துது பாருங்க, அதுவும்தான். "அவருக்கு காது கேக்காது"ன்னு உங்க பேத்தி சொல்லுதுன்னா, இன்னும் அவர்கிட்டதான் சண்டை போட்டுட்டு இருக்கு.

மெழுகுவத்தி ஏத்தச் சொல்லி கட்டாயப்படுத்தாதீங்க, நீங்க ஏத்துங்க, அவ பாக்கட்டும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு தாத்தா கல்லறைக்கு பூ வெக்க கூட்டிட்டுப் போங்க, வரமாட்டேன்னா விட்டுருங்க. "எனக்கும் ஏன்னு தெரியலடி, நானும் அதேதான் கேட்டேன்"னு சொல்ற தைரியம் உங்களுக்கு இருந்தா சொல்லுங்க.

அந்த பென்சில் பாக்ஸ அவ இன்னும் எடுக்கல பாருங்க. வீடு கூட்டும்போது நீங்களும் எடுத்துறாதீங்க.