பொண்ணு ஆம்பள வேஷத்துல கப்பல் ஏறி அங்கயே காதலும் நடக்கறது சரித்திரக் கதைல மட்டும்தானா, நிஜத்துலயும் உண்டா?

நிஜத்துலயும் உண்டு. ஆனா நாவல்ல வர்ற மாதிரி இல்ல.

இந்த வகை நாவலை விடாம படிக்கற ஆள் நான். கதாநாயகி தொப்பிக்குள்ள முடிய மறைச்சுக்கிட்டு ஏறுவா, கேப்டன் பாத்த உடனே தடுமாறுவான், அப்புறம் நிலா வெளிச்சத்துல மேல்தளத்துல ரெண்டு பேரும் தனியா நிப்பாங்க, எனக்கு அங்கதான் சிரிப்பு வந்துடும். பழைய பாய்மரக் கப்பல்ல தனியாங்கற இடமே கிடையாதுங்க. ராத்திரி பூரா மேல ஒரு கூட்டம் முறை போட்டு முழிச்சிருக்கும், கீழ ஆளுங்க தோளோட தோள் இடிச்சுக்கிட்டு தூங்குவாங்க, கக்கூஸுன்னா கப்பலோட முன்பக்கம் திறந்தவெளில ஓட்டை போட்ட பலகை, அவ்ளோதான். அதனால வேஷம் போட்ட பொண்ணுக்கு காதலெல்லாம் அப்புறம், ஒண்ணுக்கு எங்க போறதுங்கறதுதான் முதல் பிரச்சனை.

இத நிஜமா சமாளிச்சவங்க ழான் பாரே. பிரான்ஸ்ல பர்கண்டி பக்கம் 1740-ல ஏழை வீட்ல பொறந்தவங்க. பிலிபேர் கொமெர்சோன்னு ஒரு தாவரவியல் ஆராய்ச்சியாளர் வீட்ல வேலைக்கு இருந்தாங்க, அவர் மனைவிய இழந்தவர். 1764-ல பாரே கர்ப்பமானப்போ பதிவுல அப்பா பேரைச் சொல்லவே இல்ல. யாருன்னு எல்லாருக்கும் ஒரே ஊகம்தான்.

பூகேன்வில்ங்கற பிரெஞ்சு கடற்படை அதிகாரி உலகத்தைச் சுத்தக் கிளம்பறார், கொமெர்சோனுக்கு அதுல இடம் கிடைக்குது. ஆனா பிரெஞ்சு கடற்படைக் கப்பல்ல பொம்பளைங்க ஏறக்கூடாதுன்னு 1689-லயே ஆணை இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி 1766 டிசம்பர்ல அவர் உயில் எழுதறார், அதுல பாரேவுக்கு 600 லிவர் (அப்போ பிரான்ஸ்ல இருந்த நாணயம்) பணமும் வீட்டுச் சாமானும் போகணும்னு இருக்கு. அப்புறம் பாரே ஆம்பள உடுப்புல வந்து அவரோட உதவியாள்னு, பூகேன்வில் கப்பலோட கூடப் போன எத்துவால்ங்கற ரெண்டாவது கப்பல்ல ஏறிடறாங்க.

இவங்கள காப்பாத்தினது காதல் இல்ல, சாமான். கொமெர்சோன் கொண்டு வந்த கருவி, காகிதம், பெட்டி எல்லாம் அவ்வளவு அதிகமா இருக்கவே, எத்துவால் கேப்டன் தன்னோட சொந்த கேபினையே விட்டுக் கொடுத்துட்டார். அதுல ரெண்டு பேரும் தங்கினாங்க, தனி கழிவறை வசதியோட. அது மட்டும் இல்லன்னா கதை ரெண்டாவது வாரத்துலயே முடிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். ஆளுங்களுக்கு சந்தேகம் வராமலும் இல்ல, ரொம்ப நெருக்கினப்போ நான் விதை நீக்கப்பட்டவன்னு பாரே சொல்லிச் சமாளிச்சதா கப்பல் மருத்துவர் எழுதி வச்சிருக்கார்.

வேலையும் சும்மா இல்ல. கொமெர்சோனுக்கு கால்ல தீராத புண்ணு, அதனால துப்பாக்கி, சாப்பாடு, செடி காய வைக்கற தாள் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு மலை ஏறினது பாரேதான், பொதி சுமக்கற மிருகம்னு அவரே அவங்களச் சொல்லியிருக்கார் (பாராட்டாத்தான் சொன்னாராம், நல்லா இருக்கு). போகன்வில்லான்னு நாம சொல்ற காகிதப்பூச் செடிய 1767-ல ரியோ டி ஜெனிரோல சேகரிச்சதும் இந்தப் பயணத்துலதான்.

1768 ஏப்ரல்ல பசிபிக் கடல் தீவான தாஹித்தில இறங்கின உடனே அந்த ஊர்க்காரங்க சுத்தி நின்னு இது பொண்ணுன்னு சொல்லிட்டாங்கன்னு பூகேன்வில் எழுதறார். வேற சிலரோட டைரிய படிச்சா அப்புறம் அதே பசிபிக்ல இருக்கற நியூ அயர்லாந்து தீவுல கப்பல் ஆளுங்களே அவங்ககிட்ட ரொம்ப மோசமா நடந்துக்கிட்டுதான் விஷயம் வெளிய வந்துச்சுன்னு தோணும். எனக்கு அதுதான் நிஜம்னு படுது, பூகேன்வில் சொல்றது கொஞ்சம் பூசி மெழுகின மாதிரி இருக்கு.

இந்தக் கதைல காதல் எங்கன்னு கேட்டீங்கன்னா நான் காட்டறது ஒரே இடம்தான். பூகேன்வில் விசாரிக்கறார், பாரே கண்ணு கலங்கி ஒத்துக்கறாங்க, ஆனா எப்படின்னு பாருங்க, நான் அநாதை, கப்பல் ஏறும்போது ஆம்பளைன்னு சொல்லி எஜமானரையே ஏமாத்திட்டேன், அவருக்கு எதுவும் தெரியாதுங்கறாங்க. முழுப் பொய். பழி மொத்தத்தையும் தன் தலைல போட்டுக்கிட்டு அவர காப்பாத்தறாங்க, அவரும் அத வசதியா ஏத்துக்கறார். எஜமானன், வேலைக்காரின்னு ஆரம்பிச்ச உறவுல பாரம் பூரா ஒருத்தர் தலைல, இதப் போய் இனிமையான காதல்னு சொல்ல எனக்கு வாய் வரல, ஆனா காதலே இல்லன்னும் சொல்ல முடியல. அவங்க மனசுல என்ன இருந்துச்சுன்னு நமக்குக் கிடைக்கறதெல்லாம் கூட இருந்த ஆம்பளைங்க எழுதினதுதான்.

பூகேன்வில் தண்டிக்கல. ரெண்டு பேரும் மொரீஷியஸ்லயே இறங்கிட்டாங்க, அங்க 1773-ல கொமெர்சோன் செத்துப் போறார். நாவல்காரங்க இங்க சோகமா முற்றும் போட்டுடுவாங்க. எனக்கு இதுக்கப்புறம்தான் ரொம்பப் பிடிக்கும். பாரே போர்ட் லூயில மதுக்கடை நடத்தறாங்க, ஞாயித்துக்கிழமை சரக்கு வித்தாங்கன்னு அபராதம்கூட விழுது. 1774-ல ஒரு பிரெஞ்சு சிப்பாயைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அவரோட ஊர் திரும்பறாங்க, அதோட உலகத்தைச் சுத்தி வந்த முதல் பொம்பளை ஆயிடறாங்க. 1785-ல அதே கடற்படை, எந்தக் கப்பல்ல ஏறவே கூடாதுன்னு சொல்லிச்சோ அதே கடற்படைதான், வருஷம் 200 லிவர் பென்ஷன் குடுத்துச்சு.