நடையை அளக்கும் ஒளி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 4 மீட்டர் இடைவெளியில் இரண்டு அகச்சிவப்பு ஒளிக்கற்றைகள் வைத்து நடைவேகம் அளக்கிறோம். ஒரே ஆள், ஒரே நடை. ஒருமுறை விநாடிக்கு 0.94 மீட்டர், அடுத்த முறை 1.07 என்று வருகிறது. சென்சார் பழுதா?

பதில்: முதலில் கற்றையின் உயரத்தைப் பாருங்கள். இடுப்பு மட்டத்தில் இருந்தால், வீசி நடக்கும் கை உடம்புக்கு 25 செ.மீ. முன்னாலேயே அதை மறித்துவிடும். முதல் கற்றையைக் கையும் இரண்டாவதை உடம்பும் மறித்தால், அந்த நேரத்தில் உடம்பு கடந்தது 4.25 மீட்டர், கணக்கிலோ 4 மீட்டர்தான். 1 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு 0.94 காட்டும். இதுவே தலைகீழானால் 1.07. உங்கள் எண்கள் இரண்டுமே இதில் அச்சாகப் பொருந்துகின்றன!

கற்றையை மார்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். முடிந்தால் 20 செ.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு கற்றை வைத்து, இரண்டும் சேர்ந்து மறைந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். நடப்பவர் முதல் கற்றைக்கு 2 மீட்டர் முன்பே கிளம்பி, கடைசிக் கற்றையைத் தாண்டி 2 மீட்டர் போய் நிற்கட்டும். கோட்டிலேயே நிற்கச் சொன்னால், வரும்போதே வேகம் குறைந்துவிடும்.

இன்னொன்று: டிவி ரிமோட்டுக்கான 38 கிலோஹெர்ட்ஸ் ரிசீவரைப் பொருத்தியிருந்தால் மாற்றிவிடுங்கள். விடாமல் வரும் ஒளியை அது இரைச்சல் என்று எண்ணித் தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும்; ஆள் வராமலே கற்றை அறுந்ததாகக் காட்டும். கற்றை மறிக்கப்படுவதைக் கண்டறியவென்றே வரும் ரிசீவர் தனியாக இருக்கிறது. அதை ஒரு கறுப்புக் குழாய்க்குள் வைத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்புங்கள். வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு.

கேள்வி: தரையில் வைக்கும் ஒளிச்சட்டத்தில் (நடைபாதையின் குறுக்கே பல ஒளிக்கற்றைகளை ஓடவிடும் கருவி), பாதம் ஊன்றியிருக்கும் நேரம் எப்போதும் கூடுதலாகவே வருகிறதே?

பதில்: அந்தக் கற்றைகள் தரைக்குச் சில மில்லிமீட்டர் மேலே ஓடுகின்றன. குதிகால் தரையைத் தொடுமுன்பே மறித்துவிடும். பெருவிரல் கிளம்பிய பிறகும் கொஞ்சநேரம் மறைத்தே நிற்கும். இயல்பான நடையில் ஒரு காலின் சுழற்சியில் சுமார் 60 சதவீதம் ஊன்றல், 40 சதவீதம் வீச்சு, அதாவது கால் தரையைவிட்டு முன்னே நகரும் நேரம். சட்டம் ஊன்றலைக் கூட்டியே சொல்லும். அதே சட்டத்தில் அதே ஆளைச் சில வாரம் கழித்து ஒப்பிடலாம்; வேறு கருவியின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. பாதத்தை இழுத்து நடப்பவரிடம் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். கற்றை விடுபடவே விடுபடாது, இரண்டு அடி ஒன்றாகிவிடும். பக்கவாட்டில் ஒரு வீடியோவும் எடுத்து அடிகளை எண்ணிச் சரிபாருங்கள்.