ஒளியை முந்துமா துகள்? கேள்வி பதில்

கேள்வி: 2011-ல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை முந்தியதாகச் செய்தி வந்ததே?

பதில்: செய்தி வந்தது உண்மை, முந்தியதுதான் இல்லை. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலையடியில் நியூட்ரினோவைப் பதிவுசெய்ய இருந்த ஓபரா கருவிக்கு 730 கி.மீ. ஒளிக்கு அது 2.4 மில்லி விநாடிப் பயணம். நியூட்ரினோ 60 நானோ விநாடி முன்னால் வந்ததாகக் கணக்கு காட்டியது. தூரமாகச் சொன்னால் 18 மீட்டர். மாதக்கணக்கில் துருவிய பிறகு அகப்பட்டது, ஜிபிஎஸ் நேரத்தைக் கணினிக்குக் கொண்டுவரும் ஒளியிழைக் கேபிள். அதன் முனை சரியாகச் செருகப்படாமல் இருந்தது.

கேள்வி: தண்ணீரில் எலக்ட்ரான் முந்துமாமே?

பதில்: முந்தும். தண்ணீருக்குள் ஒளிக்கு முக்கால்வாசி வேகம்தான். அணுஉலைத் தொட்டியில் தெரியும் நீல ஒளி, எலக்ட்ரான் அப்படி முந்தும்போது வருவதே. செரென்கோவ் ஒளி என்பார்கள். தாண்ட முடியாதது வெற்றிடத்தில் ஒளிக்குள்ள வேகம். யார் 'ஒளிவேகம்' என்றாலும் 'எதற்குள்?' என்று கேளுங்கள்.

கேள்வி: எப்போதும் ஒளியை முந்தும் என்கிற டாக்கியான் துகள்?

பதில்: காகிதத்தில் உண்டு, கருவியில் சிக்கவில்லை. 1962-லேயே அதைப் பற்றி எழுதியவர்களில் ஒருவர் ஜார்ஜ் சுதர்சன். பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர்.

கேள்வி: கேபிள் கதை பூசிமெழுகல். 1987 சூப்பர்நோவாவில் (நட்சத்திர வெடிப்பில்) நியூட்ரினோ ஒளிக்கு மூன்று மணி நேரம் முன்பே வந்ததே!

பதில்: முதலில் கிளம்பியது முதலில் வந்தது. நட்சத்திரத்தின் மையம் குலைந்ததுமே நியூட்ரினோ வெளியேறிவிடும். அதிர்வலை மேற்பரப்பைத் தொட்ட பிறகுதான் ஒளி புறப்படும். ஓபரா சொன்ன வேகத்தில் வந்திருந்தால், 1,68,000 ஒளியாண்டுத் தொலைவுக்கு நான்கு வருடம் முன்னதாக வந்திருக்க வேண்டும்.

கேள்வி: (அதே நண்பர்) அதன் ஆற்றல் மிகக் குறைவு. இரண்டையும் எப்படி ஒப்பிடலாம்?

பதில்: இது கேள்வி! சூப்பர்நோவா நியூட்ரினோவின் ஆற்றல் சில பத்து எம்இவி. ஓபராவுக்கு சராசரி 17 ஜிஇவி, அதாவது 17,000 எம்இவி. அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் இயற்பியலாளர்கள் கோஹனும் கிளாஷோவும் 2011-லேயே கணக்குப் போட்டார்கள்: அந்த வேகத்தில் போகும் நியூட்ரினோ வழியெல்லாம் எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளை உதிர்த்து ஆற்றலை இழக்க வேண்டும். அதே மலையடியில், அதே கற்றையைப் பார்த்த இகாரஸ் என்ற வேறொரு குழுவுக்கு அந்த இழப்பு தென்படவில்லை. 2012-ல் நேரத்தையும் அளந்தார்கள். ஒளியின் வேகம்தான் வந்தது. அவர்கள் கேபிள் வேறு, ஐயா.

கேள்வி: செர்னில் முடுக்கிவிடும் புரோட்டானுக்கு எவ்வளவு வேகம்?

பதில்: ஒளியைவிட விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் பின்தங்கும்.

கேள்வி: 2011-ல் நியூட்ரினோ முந்தியதாமே?

பதில்: முதல் பதில்.

கேள்வி: தண்ணீரில் ஒளிவேகத்தைத் தாண்டுகிறது என்றால் ஐன்ஸ்டைன் சொன்னது தவறா?

பதில்: எதற்குள்?