வாழைச்சருகு எப்படிச் செல்வமாகும்?

மானிடவியல் பற்றி வந்த கேள்விகளில் மூன்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன்.

முதுகலையில் மானிடவியல் எடுத்திருக்கிறேன். "கேள்வித்தாளை நீட்டினால் ஒரு வாரத்தில் முடிகிற வேலைக்கு ஏன் ஒரு வருஷம் ஏதோ ஊரில் போய் உட்கார வேண்டும்?" என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்ல?
*– கல்லூரி மாணவி, கரூர்*

அப்பா கேட்பது நியாயமான கேள்விதான். கேள்வித்தாளில் நமக்குத் தோன்றிய கேள்விகள் மட்டும்தானே இருக்கும்? கேட்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றாத விஷயம் அதில் எப்படி வரும்? அதற்காகத்தான் போய்த் தங்குகிறோம்.

கல்வராயன் மலையில் நான் களப்பணி செய்த ஊரில், "வீட்டுப் பணம் யார் கையில்?" என்று கேட்டால் ஆண்கள் "எங்க கையிலதான்" என்பார்கள். பெண்களும் தலையாட்டுவார்கள். புளி விற்கிற பருவம் வந்தது. வியாபாரியிடம் விலை பேசியவர் கணவர். பணத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டவர் மனைவி. அன்று சாயங்காலம் பீடிக்கட்டு வாங்க அந்த மனிதர் மனைவியிடம்தான் வந்து நின்றார். கேள்விக்குச் சொன்ன பதிலையும் எழுதிக்கொண்டேன், பார்த்ததையும் எழுதிக்கொண்டேன்.

இப்படி ஊரோடு தங்கி ஆராய்வதற்குப் பெரிய முன்மாதிரி புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி. போலந்தில் பிறந்தவர், ஆஸ்திரியப் பிரஜை. 1914-ல் உலகப்போர் மூண்டபோது ஆஸ்திரேலியாவில் இருந்தார். எதிரி நாட்டுக்காரர் என்றாலும் ஆய்வு செய்ய அனுமதி கிடைத்தது. 1915-க்கும் 1918-க்கும் இடையில் இரண்டு தவணையாக, இன்றைய பப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோப்ரியண்ட் தீவுகளில் இருந்தார். ஓமரக்கானா என்ற ஊரில், வீடுகளுக்கு நடுவிலேயே கூடாரம் போட்டு, அவர்கள் பாஷையைக் கற்றுக்கொண்டு வாழ்ந்தார்.

அங்கே அவர் கண்டது 'குலா' என்ற பரிமாற்றம். சிவப்புச் சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு கடிகாரச் சுற்றில் போகும். வெள்ளைச் சங்கு வளைகள் எதிர்ச்சுற்றில் வரும். அந்த வளைகளில் பெரும்பாலானவை சிறு பிள்ளைகள் கைக்குக்கூடப் பற்றாதவை. இவற்றுக்காக உயிரைப் பணயம் வைத்துத் தோணியில் கடல் கடப்பார்கள். வாங்கியதை யாரும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. கொஞ்ச காலம் வைத்திருந்து அடுத்த தீவுக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட வேண்டும். பேரும் உறவும் அந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது. அதே பயணத்தில் சாதாரணப் பண்டமாற்றும் நடக்கும், அதில் பேரம் உண்டு. குலாவில் பேரம் பேசினால் மானக்கேடு. 1922-ல் இதைப் புத்தகமாக எழுதினார். அவர் இறந்த பிறகு 1967-ல் வெளியான அவருடைய சொந்த நாட்குறிப்பில், தன்னை வாழவிட்ட அந்த மக்களையே ஏசியிருப்பதைப் படிக்கும்போது இன்றும் எனக்கு மனசு கஷ்டப்படுகிறது. ஆனாலும் அந்த ஆய்வின் உழைப்பை நான் மதிக்கிறேன்.

உங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டிய கதை இதற்கு அப்புறம்தான் வருகிறது. 1971-ல் அனெட் வெய்னர் என்ற அமெரிக்கப் பெண் அதே தீவுக்குப் போனார். மலினோவ்ஸ்கி எல்லாவற்றையும் எழுதிவிட்டார் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த காலம். வெய்னரை அந்த ஊர்ப் பெண்கள் ஒரு சாவுச் சடங்குக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பெண்கள் காய்ந்த வாழை இலைக் கட்டுகளை ஆயிரக்கணக்கில் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டும் உழைத்துச் செய்தது. இலைத் துண்டைக் கோலம் செதுக்கிய பலகையில் வைத்துச் சுரண்டுவார்கள். கோலம் இலையில் பதியும். வெயிலில் காயவைத்து, அடியில் சேர்த்துக் கட்டுவார்கள். அங்கே தாய்வழிதான் குலம். இறந்தவருடைய குலத்துப் பெண்கள், இறந்தவருக்கு வேண்டியிருந்தவர்களுக்கெல்லாம் இந்தக் கட்டுகளைக் கொடுத்துக் கணக்குத் தீர்ப்பார்கள். யார் அதிகம் கொடுத்தாள் என்பதில் அவள் கௌரவம் நிற்கும்.

ஆண்கள் பங்கு என்ன? ஒருவன் தன் தோட்டத்தில் விளைந்த வள்ளிக்கிழங்கை அக்கா தங்கை வீட்டுக்குக் கொடுக்கிறான். அது மச்சானுடைய களஞ்சியத்தில் நிறைகிறது. அதற்குப் பதிலாக அந்த மச்சான், மனைவியின் குலத்தில் சாவு விழுந்தால் தன் பொருளைச் செலவழித்து அவளுக்கு இலைக்கட்டு சேர்த்துத் தர வேண்டும். ஆக, கிழங்கும் இலையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். மலினோவ்ஸ்கியும் சாவுச் சடங்குகளைப் பார்த்தவர்தான், ஆனால் பெண்களின் இந்தக் கொடுக்கல் வாங்கலை அவர் முக்கியமாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தனை நாள் தங்கியவர் கண்ணுக்கே தப்பியது என்றால் ஒரு வாரக் கேள்வித்தாளுக்கு என்ன அகப்படும் என்று அப்பாவிடம் கேளுங்கள், அம்மா.

அமெரிக்கப் பழங்குடியினர் தமிழர் போலவே உறவுமுறை சொல்கிறார்கள், அதனால் அவர்கள் ஆதித் தமிழர் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உண்மையா?
*– பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி*

பாதி உண்மை. அந்தப் பாதி மிகவும் சுவையானது. நியூயார்க் மாகாணத்து வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், இரோக்வாய் என்ற அமெரிக்கப் பழங்குடிக் கூட்டத்தைச் சேர்ந்த செனெக்கா மக்களின் உறவுச் சொற்களைத் திரட்டினார். அப்பாவின் அண்ணன் தம்பியும் அவர்களுக்கு அப்பா; அம்மாவின் அக்கா தங்கையும் அம்மா; அவர்கள் பிள்ளைகள் உடன்பிறப்பு. அத்தை, மாமன் பிள்ளைகள் மட்டும் வேறு வகை. உலகம் முழுவதும் பட்டியல் அனுப்பிக் கேட்டதில் தமிழ்ப் பட்டியல் வந்து சேர்ந்தபோது அவர் அசந்துபோனார். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி என்று அதே பிரிவு! 1871-ல் வந்த அவருடைய பெரிய நூலில், அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதையே சான்றாக வைத்தார்.

சரி, இன்னும் ஒரு படி தள்ளிப் போய்ப் பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு மாமன் மகன் ஒருவர். உங்களுக்கு அவர் மாமா; அவர் மகன் உங்களுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. செனெக்கா முறையில் அதே மனிதர் அப்பா வரிசை. அவர் மகன் அண்ணன் தம்பி. நம் முறை மாமன் மகள், அத்தை மகன் கல்யாணத்தை அச்சாக வைத்துச் சுழல்வது. அதனால்தான் மாமனாரும் மாமா, மாமியாரும் அத்தை. செனெக்காவில் அந்தக் கல்யாண வழக்கமே இல்லை. கிட்டத்து உறவில் ஒன்றாகத் தெரிந்தது தூரத்து உறவில் பிரிந்துவிடுகிறது.

நம்மைப் போன்ற முறை அமேசான் காட்டு மக்கள் பலரிடமும் பிஜியிலும்கூட உண்டு. சித்தப்பா, மாமா என்று இரண்டு பக்கத்தையும் பிரித்துக் கல்யாணம் செய்கிற மனிதர்கள் எங்கே இருந்தாலும் இப்படி ஒரு கணக்குக்கு வந்து சேரலாம். அதற்கு ரத்த உறவு தேவையில்லை. அந்த மக்களுக்குச் சொந்த வரலாறு இருக்கிறது. அதை நம் பெயரில் எழுதிக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நான் ஆய்வாளன் இல்லை, கடை வைத்திருக்கிறேன். என் ஊரைப் பற்றி எழுதி வைக்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
*– வாசகர், புதுக்கோட்டை*

வம்சாவளியில் ஆரம்பியுங்கள், தம்பி. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1898-ல், ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவில் உள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளில் இந்த வழியைக் கண்டுபிடித்து, 1901-02-ல் நம் நீலகிரித் தோடர்களிடமும் கையாண்டார். பெற்றோர் யார், உடன்பிறந்தோர் யார், யார் யாரைக் கட்டினார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டுப் படம் போடுவது. ஊரில் நிலம், சண்டை, சாமி எல்லாமே அந்தப் படத்தின் மேல் வந்து உட்காரும். இறந்த முன்னோர் பெயரைச் சொல்லத் தோடர்கள் தயங்குவார்கள் என்பதால், ஒரு குடும்பத்துப் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கினார் ரிவர்ஸ். அதை மட்டும் பின்பற்ற வேண்டாம். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் ஜில்லாவில் இன்னொரு பொக்கிஷம் மொய் நோட்டு. உங்கள் வீட்டுப் பழைய நோட்டுகளை எடுங்கள். தாய்மாமன் பெயர் எங்கே வருகிறது, எந்த வருஷம் யார் பெயர் காணாமல் போனது, திரும்ப எப்போது வந்தது என்று பாருங்கள். அப்புறம் அந்த நோட்டை எழுதியவர் உயிரோடு இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள். வெளியே காட்டுவதாக இருந்தால் பெயர்களை மாற்றிவிடுங்கள், தொகைகளையும்.